கைமாறிய பழைய ஸ்போர்ட்ஸ் காரும் அதன் சிறு கோளாறுகளும்

மோட்டார் வண்டி பழையதாக ஆக அதன் விலை குறைவது உலக வழக்கு. இவ்வழக்குக்குப் புறம்பாய் நிற்கும் வண்டிகளும் சில உள. இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையிலிருந்து 1962 முதல் 1980 வரை ஐந்து இலட்சத்துக்கு மேல் வெளிவந்த எம்.ஜி.பி., அதற்கு முன்னோடியான எம்.ஜி.ஏ., 1958 இல் தோன்றிய ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிரைற், 1962 இல் தோன்றிய ட்ரையம்ப் ஸ்பிற்பயர் ஆகியன அவ்வகையைச் சேர்ந்தவை. இருவர் அமரும் இருக்கையும், மடித்து வைக்கத்தக்க கூரையும், தாழ்ந்த உடலும் கொண்ட இவ்வண்டிகளை நம் நாட்டினர் நீண்ட காலமாக அறிவர். நுவரெலியாவில் 1934 ஆம் ஆண்டு தொடங்கிய மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டியின் வரலாற்றில் இத்தகைய வண்டிகளுக்குத் தனியிடம் உண்டு.

அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி சுருங்கிய காலங்களில், உள்ள வண்டியைச் சீர்செய்து ஓட்டுவதே இலங்கையரின் வழக்கமாயிற்று. 2020 இல் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேயே திறக்கப்பட்டது. அவ்விடைக்காலத்தில், கொட்டில்களில் உறங்கிய பழைய வண்டிகள் பலரின் கண்ணிற் பட்டன. நமது பழைய மாணவர் சிலரும் இத்தகைய வண்டியைத் தேடுவோராயும் வாங்கியோராயும் இருத்தல் கூடும். அவர்களுக்குப் பயன்படுமென்றே இக்கட்டுரையை வரையத் துணிந்தோம்.

வாங்கிய முதல் மாதத்தில் இவ்வண்டிகள் உரிமையாளரைப் படாதபாடு படுத்தும். காலையில் இயங்கும், மாலையில் இயங்காது. ஒரு விளக்கு எரியும், மற்றது மங்கும். இதனைக் கண்டு மனமுடைந்து வண்டியை விற்றுவிடுவோர் ஒருசாரார். உறுப்புக்களையெல்லாம் கழற்றி எறிந்து, கிடைத்த புதிய உறுப்பைப் பூட்டி, பணத்தையும் வண்டியின் இயல்பையும் ஒருங்கே இழப்போர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். நெடுநாள் நின்ற வண்டி காட்டும் சிறு கோளாறுகளிற் பெரும்பாலானவை தேய்வினால் வந்தவை அல்ல. ஓடாமல் நின்றமையால் வந்தவை. அழுக்கு, துரு, ஈரம், கட்டிப்பட்ட பெற்றோல் என்பனவே அவற்றின் வேர். ஆதலின் மாற்றுவதற்கு முன் துப்புரவு செய்க என்பதே நாம் கூறவந்த விதி. இவ்விதிக்கு விலக்கு இரண்டு: பிரேக்கும் ரயரும். இவ்விரண்டிலும் ஐயம் உண்டாயின் துப்புரவு போதாது, மாற்றியே ஆகவேண்டும்.

முதலிற் பிரேக்

விலக்கையே முதலில் விளக்குவோம். உயிர் அதிலேதான் தங்கியுள்ளது. கொழும்பில் வாங்கிய வண்டியை இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக ஏ-4 நெடுஞ்சாலையிற் கல்முனைக்கு ஓட்டிவர விரும்புவோர் உளர். அச்சாலை பெரகலையிலிருந்து கொஸ்லந்தை ஊடாக வெல்லவாயாவுக்கு இறங்குகின்றது. 220 மீற்றர் உயரமான தியலும நீர்வீழ்ச்சியைச் சாலையிலிருந்தே காணலாம் என்றால் அவ்விறக்கத்தின் தன்மையை வாசகர் ஊகித்துக்கொள்வர். வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்து இறங்கும்போது அதன் உறுப்புக்கள் மிகச் சூடேறுகின்றன.

இங்கே பௌதிகவியல் தன் வேலையைக் காட்டுகின்றது. பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 4 என்னும் வகைத் திரவம் புதியதாய் இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியசு இருத்தல் வேண்டும். ஏறத்தாழ 3.7 வீதம் நீர் கலந்தபின் அந்த ஆகக்குறைந்த எல்லை 155 பாகையாகத் தாழ்ந்துவிடுகின்றது. பல்லாண்டு நின்ற வண்டியின் திரவத்தில் எவ்வளவு நீர் சேர்ந்திருக்கும் என்பதை யாரறிவார்? இறக்கத்திற் சூடேறித் திரவம் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ் தோன்றும். திரவத்தை அமுக்க இயலாது, ஆவியை அமுக்கலாம். ஆகவே மிதி நிலம்வரை செல்லும், வண்டி நில்லாது. இவ்வண்டிகளிற் பலவற்றில் நான்கு சில்லுகளுக்கும் ஒரே திரவச் சுற்றுத்தான் உண்டு என்பதையும் நினைவிற் கொள்க. ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் கைவிடும்.

ஆதலின் வாங்கிய இடத்திலிருந்து வண்டியை லொறியில் ஏற்றி வருவதே அறிவுடைமை. வீடு வந்ததும் பழைய திரவம் முழுவதையும் வெளியேற்றிப் புதியதை நிரப்புக. எஞ்சின் ஒயிலோ வேறெந்தக் கனிய எண்ணெயோ ஒரு துளியேனும் அதிற் கலத்தல் ஆகாது. அது இறப்பர் வளையங்களை ஊதிப் பருக்கச் செய்து கெடுக்கும். வளையங்களைக் கழுவுவதற்கும் பெற்றோலைப் பயன்படுத்தற்க; புதிய பிரேக் திரவமே போதும். சில்லுகளுக்குச் செல்லும் வளையுங்குழாய்களை ஐயமின்றி மாற்றுக. வெளியே நல்லனவாய்த் தோன்றும் குழாய், உள்ளே வீங்கி, திரவத்தை ஒரு வழியே செல்லவிட்டு மறுவழியே திரும்பவிடாது தடுப்பதுண்டு. பிரேக்கை விட்டபின்னும் ஒரு சில்லு இறுகிச் சூடேறினால் அக்குழாயையும், முன்சில்லாயின் துருப்பிடித்த பிஸ்ரனையும் ஐயுறுக.

மிதியை ஒரே அழுத்தமாக ஒரு நிமிடம் மிதித்துப் பார்ப்பது எளிய சோதனை. அது மெல்ல மெல்லத் தாழ்ந்து, வெளியே ஒழுக்கும் காணப்படாவிடின், தலைமைச் சிலிண்டரின் வளையம் தேய்ந்தது என்பது பொருள். பஞ்சுபோல் மெத்தென்று இருப்பின் காற்றுப் புகுந்துள்ளது. இன்னும் ஓர் எச்சரிக்கை: பழைய பிரேக் கட்டைகளில் அஸ்பெஸ்ரஸ் கலந்திருக்கலாம். அத்தூசைக் காற்றடித்து ஊதுதலும் வாயால் ஊதுதலும் நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்து அத்துணியைக் கட்டி அகற்றுக.

ரயரின் ஆழத்தைப் பார்த்து அதன் நலத்தை அறிதல் இயலாது. அரிதாய் ஓடிய வண்டியின் ரயர் தேயாமலே முதுமையெய்தும். அதன் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2319 என்றிருந்தால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்திற் செய்யப்பட்டது எனக் கொள்க. இலக்கம் மூன்றே இருப்பின் அது 2000 ஆம் ஆண்டுக்கு முற்பட்டது. அதனை மறுசொல் இன்றிக் கழற்றுக. கம்பிச் சில்லுகளாயின் ஒவ்வொரு கம்பியையும் சிறு ஸ்பானரால் தட்டிப் பார்க்க. இறுகிய கம்பி கிணீரென ஒலிக்கும். தளர்ந்தது மந்தமாய் ஒலிக்கும். சில்லைப் பூட்டும் நடுமூடியை எப்பக்கம் திருப்புவது என மயங்குவோர் பலர். எம்.ஜி. வண்டிகளில் இடப்பக்கமாயினும் வலப்பக்கமாயினும் மூடியின் மேற்பகுதி வண்டியின் முன்புறம் நோக்கிச் செல்லுமாறு திருப்பினாற் கழலும்.

மின்சாரமும் உப்பும்

இனி நமது கரைக்கே உரிய கோளாற்றுக்கு வருவோம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று என ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கும் இவ்வூர்களில் எவ்வீடும் கடலுக்குச் சேய்மையில் இல்லை. கடற்காற்று கொண்டுவரும் உப்புத்துகள் உலோகத்திற் படிகின்றது. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைக் கடந்தால் உப்பு அக்காற்றிலுள்ள நீரை உறிஞ்சித் தானே கரையத் தொடங்கும். மழையே பெய்யாத இரவிலும் வண்டியின் ஒவ்வொரு மூட்டிலும் உப்புநீர்ப் படலம் ஒன்று கட்டுகின்றது என்பதே இதன் கருத்து. பகலிற் கச்சான் காற்று அதனை உலர்த்தும். இரவில் மீண்டும் நனையும். இவ்வாறு நனைந்தும் உலர்ந்தும் பச்சை படர்ந்த இணைப்புக்களே மின்சாரக் கோளாறுகளிற் பெரும்பங்குக்குக் காரணம்.

இவ்வண்டிகளில் மின்னோட்டம் பற்றறியிலிருந்து கம்பி வழியே விளக்குக்குச் சென்று, வண்டியின் உடல் வழியே பற்றறிக்குத் திரும்புகின்றது. திரும்பும் வழியை நம் கராஜ்களில் ‘ஏர்த்’ என்பர். விளக்கு உடலைத் தொடும் இடத்திலே துரு ஏறினால் தடை மிகும். தடை மிக விளக்கு மங்கும். கல்லூரியில் ஓமின் விதியை நெட்டுருப் பண்ணிய நாம் அதன் பயனைக் காண்பது இங்கேதான். பிரேக்கை மிதிக்கும்போது சைகை விளக்கும் சேர்ந்து மங்கலாய் எரியுமாயின், குமிழையும் சுவிச்சையும் மாற்றிப் பயனில்லை. திரும்பும் வழி அடைபட்ட மின்னோட்டம் பக்கத்து விளக்கின் வழியே வழிதேடுகின்றது. ஏர்த்தைத் துப்புரவு செய்தால் இரண்டும் ஒருங்கே சீராகும்.

ஐயம் தீர வோல்ற்றுமானியைக் கொள்க. விளக்கை எரியவிட்டு, அதன் உலோக உடலுக்கும் பற்றறியின் ஏர்த் முனைக்கும் இடையே அளந்து பார்க்க. அரை வோல்ற்றுக்கு மேற் காட்டினால் அவ்வழியிற் பழுது உண்டு. இணைப்பைக் கழற்றி, மணற்றாளால் வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்து, இறுகப் பூட்டி, மேலே கிறீஸ் பூசுக. இதற்குச் செல்லும் பணம் சில ரூபாயே. மருதமுனை நெசவாளர் அறுந்த ஓர் இழைக்காகப் பாவு முழுவதையும் அறுத்தெறிவதில்லை. அவ்விழையைத் தேடி முடிச்சிடுகின்றனர். கம்பிக்கூட்டம் முழுவதையும் மாற்ற எண்ணுவோர் இதனைச் சிந்திப்பாராக.

கம்பிகளின் நிறத்தை அறிந்தவர்க்கு இவ்வேலை பாதி முடிந்ததாகும். அக்காலப் பிரித்தானிய வண்டிகளிற் கறுப்பு ஏர்த்துக்கு உரியது. மண்ணிறம் பற்றறியிலிருந்து நேரே வருவது. சாவி மூடியிருப்பினும் அதில் மின்சாரம் உண்டு. வெள்ளை சாவியைத் திறந்தபின் மின்சாரம் பெறுவது. பச்சை அதன்பின் பியூஸ் வழியாகச் செல்வது. ஊதா பியூஸ் வழியாக எந்நேரமும் மின்சாரம் உடையது. நீலம் முன்விளக்குக்கும் சிவப்பு பக்கவிளக்குக்கும் உரியன.

இங்கே இரண்டு பிழைகள் பெருஞ்சேதம் விளைக்கும். பழைய பிரித்தானியக் கண்ணாடிப் பியூசில் 35 அம்பியர் என்று எழுதியிருப்பது அது உருகும் அளவாகும். தொடர்ந்து தாங்கும் அளவு 17 அம்பியரே. இக்காலத்துப் பியூசுகளில் எழுதும் எண்ணோ தொடர்ந்து தாங்கும் அளவைக் குறிக்கும். இதனை அறியாது புதிய 35 அம்பியர்ப் பியூசைப் பூட்டினால் பியூஸ் உருகுமுன் கம்பி எரியும். மற்றொன்று பற்றறியின் முனை. எம்.ஜி.பி. வண்டிகளில் 1967 வரை நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது, அதன்பின் எதிர்முனை. முன்னைய உரிமையாளர் மாற்றியிருத்தலும் கூடும். எது எது எனக் கண்ணாற் கண்டு உறுதிசெய்யாமல் வேறு வண்டியின் பற்றறியோடு இணைத்தலும் வானொலி பூட்டுதலும் வேண்டா.

பெற்றோலும் பொறியும்

எஞ்சின் இயங்காவிடின் காபுரேற்றரையே முதலிற் கழற்றும் வழக்கம் உண்டு. அது தவறு. எஞ்சினுக்கு வேண்டியவை காற்று, பெற்றோல், பொறி. இவற்றுள் எது இல்லை என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

எஸ்.யு. மின்பம்பு இதனை வாய்விட்டுச் சொல்லும். சாவியைத் திறந்ததும் அது விரைந்து ‘டக் டக்’ என ஒலித்துச் சில நொடியில் அடங்கினால் காபுரேற்றர் நிறைந்தது என்க. ஒலி எழவே இல்லையெனின் அதன் தொடுமுனைகள் கருகியிருக்கலாம். அல்லது அதன் ஏர்த் பழுதாயிருக்கலாம். மெல்லத் தட்டியவுடன் உயிர்பெறுமாயின் தொடுமுனையே காரணம். மென்மையாகத் தேய்த்துத் துப்புரவு செய்க. அடங்காமல் ஒலித்துக்கொண்டே இருந்தால் தாங்கியிற் பெற்றோல் இல்லை, அன்றேல் உறிஞ்சும் குழாயிற் காற்றுப் புகுகின்றது. அடங்கியபின் இடையிடையே ஒரு முறை ஒலித்தால் எங்கோ ஒழுகுகின்றது. உடனே பார்த்தல் வேண்டும். பழைய இறப்பர்க் குழாயின் வெடிப்பிலிருந்து சூடான எஞ்சின்மேற் சொட்டும் பெற்றோலே பல வண்டிகள் தீக்கிரையானமைக்குக் காரணம். இவ்வேலைக்கு முன் பற்றறியைக் கழற்றுவதும், அருகில் தீயணைக்கும் கருவி வைப்பதும் கட்டாயம்.

2022 ஆம் ஆண்டு எரிபொருட் தட்டுப்பாட்டின்போது நிறுத்தப்பட்டுப் பின் எடுக்கப்படாத வண்டியாயின் அதன் தாங்கியிலுள்ள பெற்றோல் பிசினாய் மாறியிருக்கும். அதனை வடித்தகற்றித் தாங்கியையும் மிதவைக் கிண்ணத்தையும் கழுவுக. எஸ்.யு. காபுரேற்றரின் உள்ளே எழுந்து தாழும் பிஸ்ரன் தடையின்றி இயங்குதல் வேண்டும். விரலால் உயர்த்தி விட்டால் ‘டொக்’ என்ற ஒலியோடு விழவேண்டும். அதன் மேலுள்ள குழலில், நடுத்தண்டின் விளிம்புக்கு அரை அங்குலம் மேல்வரை மெல்லிய ஒயில் நிற்றல் வேண்டும். இவ்வொயில் இல்லாமையாலே முடுக்கும்போது எஞ்சின் தடுமாறும் வண்டிகள் பல. அவற்றின் நோய்க்குச் சில துளி ஒயிலே மருந்து.

பொறிக்கு வருவோம். டிஸ்றிபியூற்றர் மூடியின் உட்புறத்து ஈரத்தைத் துடைக்க. வாடைக்கால மழையில் வண்டி இயங்காமைக்கு இதுவே பெரும்பாலும் காரணம். தொடுமுனைகளின் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம், எம்.ஜி.பி.யின் பிளக்குக்கு 0.025 அங்குலம். கழற்றிய பிளக் இளமண்ணிறமாயின் நலம். கரிபடிந்திருப்பின் பெற்றோல் மிகை, வெளுத்திருப்பின் குறை.

இலங்கையில் 2002 ஆம் ஆண்டு ஈயம் கலந்த பெற்றோல் கைவிடப்பட்டது. அவ்வீயம் வார்ப்பிரும்புத் தலையிலுள்ள வால்வு இருக்கைகளைத் தேயாது காத்துவந்தது. ஆதலின் தலை இன்னும் மாற்றப்படாத வண்டியில் வால்வு இடைவெளியைக் காலந்தோறும் அளந்து எழுதிவைக்க. அது விரைந்து சுருங்கிவருமாயின் இருக்கை தேய்கின்றது. அப்போது கடினமான இருக்கைகளைப் பொருத்துதல் வேண்டும். சுருங்காவிடின் வீணே தலையைக் கழற்ற வேண்டா.

வெம்மையும் துருவும்

பகல் வெயிலிற் கல்முனைக் கடைத்தெருவின் நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது எஞ்சின் கொதிப்பது மற்றொரு முறைப்பாடு. எம்.ஜி.பி.க்கு வழக்கமான தேர்மோஸ்ராற் 82 பாகையில் திறப்பது. வெப்ப நாடுகளுக்கென 74 பாகையில் திறப்பதும் செய்யப்பட்டது. ஆயினும் அதனை மாற்றுமுன் றேடியேற்றரின் இதழ்களுக்கிடையே அடைந்த மண்ணையும் பூச்சிகளையும் நீரடித்து அகற்றுக. விசிறிப் பட்டியை விரலால் அமுக்கினால் அரை அங்குலம் தாழ்தல் போதும். கரையோரக் கிணற்று நீரை றேடியேற்றருக்கு ஊற்றாதீர். அதன் உப்பும் சுண்ணமும் உள்ளே படியும். வடித்த நீரும் துருத்தடுப்புத் திரவமுமே தக்கன.

துருவைத் தடுப்பதற்கு நம் மீனவரிடம் ஒரு பாடம் உண்டு. கடலாற் திரும்பியதும் வெளியிணைப்பு எஞ்சினை நன்னீராற் கழுவுவது அவர் அறிந்த முறை. அதுபோல நாமும் வாரம் ஒருமுறை வண்டியின் அடிப்பாகத்தையும் சில்லுக்கூடுகளையும் நன்னீராற் கழுவுதல் வேண்டும். கதவின் அடியிலும் பக்கவாட்டுப் பெட்டிகளிலும் உள்ள வடிகால் துளைகளை ஒரு கம்பியாற் குத்தித் திறந்து வைக்க. அவை அடைபட்டால் மழைநீர் உள்ளே நின்று இரும்பை உண்ணும். காற்றுப் புகாத பிளாஸ்ரிக் உறையால் மூடுதல் நன்மையன்று. ஈரத்தை உள்ளே சிறைப்படுத்தும். ஓலைக் கொட்டிலாயினும் காற்றோட்டமுள்ளதே மேல்.

ஒயில் ஒழுக்கைக் கண்டு அஞ்சுவோர்க்கும் ஒரு சொல். பழைய எஞ்சின்கள் சிலவற்றில், பின்புறத்திற் சுருட்காடி ஒன்றே ஒயிலைத் திருப்பி அனுப்புகின்றது; வண்டி நின்றபின் சில துளி விழுதல் அவற்றின் இயல்பு. ஒழுக்கு மிகுமாயின், எஞ்சினைப் பிரிக்குமுன் அது மூச்சுவிடும் குழாய் அடைபட்டதா எனப் பார்க்க. மூச்சடைத்த எஞ்சின் ஒயிலை வெளியே தள்ளும்.

குறிப்பேடும் அனுபவமும்

இவையனைத்துக்கும் மேலாய் வேண்டுவது ஒரு குறிப்பேடு. ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்க. செய்த நாளையும் விளைவையும் எழுதுக. ஒரே நாளிற் பிளக்கையும் காபுரேற்றரையும் தொட்டவர், வண்டி சீரானாலும் எதனாற் சீரானது என அறியார், கெட்டாலும் அறியார். கழற்றிய பழைய உறுப்பை எறியாது பெயரெழுதிப் பெட்டியில் வைக்க. இன்று கடல்கடந்து வரும் புதிய உறுப்புக்களிற் சில பழையனவற்றின் தரத்தை எட்டுவதில்லை. கழற்றியதைத் துப்புரவு செய்து மீண்டும் பூட்டவேண்டிய நாள் வரக்கூடும்.

தொடுமுனையின் இடைவெளியைக் கண்ணாலும், காபுரேற்றரின் சமநிலையைக் காதாலும் அறியும் முதிய கைவினைஞர் நமது கரையோர ஊர்களில் இன்னும் உளர். முஸ்லிம்களாயினும் தமிழராயினும் அவர்களது கராஜ்களிலே ஒரு தலைமுறையின் அனுபவம் ஏட்டில் ஏறாமற் கிடக்கின்றது. இக்கால வண்டிகளைக் கணினியோடு இணைத்துப் பழுதறியும் இளையோர் அவ்வனுபவத்தைக் கேளாது விட்டால், அது அம்முதியவர்களோடு மறையும். பழைய வண்டி வாங்கிய நம் கல்லூரி நண்பர்கள், அதனைக் கராஜில் விட்டுவிட்டு வீடு திரும்பாமல், அருகில் நின்று பார்த்து, கேட்டு, குறிப்பேட்டில் எழுதுவாராக. மகனையோ மகளையோ உடன் அழைத்துச் செல்வது இன்னும் நன்று. அவ்வாறு எழுதிய குறிப்பேடு வண்டி மறுபடி கைமாறும்போது அதனோடு சேர்ந்து செல்லுமாயின், அடுத்தவரும் இக்கோளாறுகளைத் தொடக்கத்திலிருந்து தேடவேண்டி இராது.